திருப்பிச் சொல்லும் ஊரில் ஓர் ஆங்கில வகுப்பு

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்றார்கள். நான் நாற்பத்திரண்டு வரை எண்ணினேன். அதற்குமேல் வாயைத் திறந்தால் எண் மட்டும் வெளியே வராது என்று தெரிந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். "மோந்துக்கிட்டே வாங்க கண்ணு. கீழ பாக்காதீங்க" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மலேசியாவில் தெலுக் இந்தானில் இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, மூன்று தலைமையாசிரியர்களோடு சண்டை போட்டு, பிள்ளைகளிடம் சிங்கம் என்று பட்டப்பெயர் வாங்கியவள். என்னைக் கண்ணு என்று கூப்பிட ஆள் இல்லாமல் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. வாந்தி வருகிற நேரத்தில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் அழுகையும் சேர்ந்து வருகிறது.

எங்கள் கேமரன் மலைக்கும் வளைவுப் பாதைதான். ஆனால் அங்கே ஓட்டுநர் சாலையைப் பார்த்து ஓட்டுவார். இங்கே அவர் ஒரு கையால் ஹாரனை அமுக்கிக்கொண்டு, மறு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு, பின்னால் திரும்பி, "உங்க ஊட்டுப் பலா பழுத்துருச்சா?" என்று கண்டக்டரைக் கேட்கிறார். கண்டக்டரும் நிதானமாக, மூன்று பழம் பழுத்துவிட்டது, நாலாவது இன்னும் காய்தான் என்று விவரம் சொல்கிறார். பஸ்ஸில் வேறு யாருக்கும் இதில் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

இது தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பள்ளி விடுமுறையில் நடந்தது. மலைப்பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்குப் பத்து நாள் ஆங்கிலப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தோழி ஒருத்தி மூலம் அழைப்பு வந்தது. டிக்கெட் நம் செலவு, சாப்பாடு அவர்கள் செலவு. சாப்பாடு என்றதும் ஒப்புக்கொண்டேன்.

மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் ஜமால் பாயின் மிளகுக் கடையில் என்னை இறக்கிவிட்டார்கள். மலைக்குப் போகும், மலையிலிருந்து வரும் கடிதம், சாமான், செய்தி எல்லாம் அந்தக் கடை வழியாகத்தான். ஜமால் பாய் குவைத்தில் பதினான்கு வருஷம் இருந்தவர். "வெல்கம் மேடம்! ஃபர்ஸ்ட் டைம் கொல்லி ஹில்ஸ்? நோ ப்ராப்ளம், யூ சிட், யூ டிரிங்க் டீ" என்று வரவேற்றார். நான் உதட்டோரம் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே பிடிக்கவில்லை.

பள்ளியின் தாளாளர் அங்கேயே காத்திருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். "ஜூன்ல ஒம்பதாவது ஆரம்பிக்கிறமுங்க. இங்கிலீஷுக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்குது. மலையிலயே பொறந்த புள்ள ஒண்ணு, ராசம்மா, எங்ககிட்ட அஞ்சாவதுக்குப் பாடம் எடுக்குது. தபால்ல பி.ஏ. இங்கிலீஷ் படிச்சிருக்குது. அந்த அஞ்சாவதை இன்னொரு வகுப்போட சேர்க்கப் போறோம். ஒம்பதாவது அதுக்குக் கெடைக்கலைன்னா வேற எடமில்லீங்க, நூல் மில்லுக்குத்தான் போகணும். சேலத்துல இருந்து ஆள் எடுக்கறதா, இதுக்கே குடுக்கறதா? நீங்க பாத்துட்டு ஒரு லெட்டர் எழுதியனுப்புங்க. நீங்க சொல்றதுதான்."

நானும் பெரிய நீதிபதி மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

எங்கள் ஊரில் ராசம்மா என்றால் எழுபது வயதாவது இருக்கும். மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ் நின்றதும் என் பெட்டியைத் தூக்க வந்த ராசம்மாளுக்கு இருபத்துநாலு. மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. பெட்டியின் கனத்தைப் பார்த்து, "புத்தகமுங்களா?" என்றாள். கேசட்டும் கேசட் போடும் பெட்டியும் என்றேன். லண்டனில் பதிவுசெய்த பன்னிரண்டு ஒலிநாடாக்கள். எனக்கு அவை உயிர்.

மலையில் பைல் நாடு என்று சொல்லும் பகுதியில் ஒரு சின்ன ஊரில்தான் பள்ளி. தங்குவதற்குப் பள்ளியில் ஓர் அறை, சாப்பாடு ராசம்மாள் வீட்டில். அவளுடைய அம்மா குப்பாயி, வந்த அன்றே ஒரு தட்டு நிறைய வேகவைத்த குச்சிக்கிழங்கும் பச்சைமிளகாய்த் துவையலும் வைத்தார். குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளிதான். எங்கள் வீட்டில் அதற்குத் தடை. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் மூன்று வருஷம் அதையே தின்று பிழைத்த என் அப்பா, பிறகு சாகும்வரை அதை வாசலுக்குள் விடவில்லை. கொல்லிமலைக் கிழங்கு வாயில் வைத்ததும் மாவாக உதிர்ந்தது. அப்பா மன்னிக்கட்டும், நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

அன்று பொழுது சாயும் நேரம் குப்பாயி காட்டு விளிம்பில் போய் நின்று, எதிர்ச் சரிவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். நடுவில் பள்ளம். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் பொட்டு மாதிரித் தெரிந்தாள்.

"நாளைக்கி... மூணு ஆளு... வேணு...ம்!"

சற்றுக் கழித்து அந்தப் பக்கமிருந்து வந்தது: "நாளைக்கி... மூணு ஆளு... வேணுமா...?"

"ஆமா...!"

"செரி...!"

ராசம்மாள் விளக்கினாள். "எங்கூர்ல கேட்டதைத் திருப்பிச் சொல்லாம செரின்னு சொல்ல மாட்டமுங்க டீச்சர். காத்து பாதியத் தின்னுபோடும். திருப்பிச் சொன்னாத்தான் போய்ச் சேந்துச்சுன்னு அர்த்தம். சும்மா செரின்னு சொல்ற ஆளை யாரும் நம்ப மாட்டாங்க."

நல்ல பழக்கம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி.

இரண்டாம் நாள் வகுப்பு. ஆறு ஆசிரியர்கள். கேசட்டைப் போட்டேன். லண்டன்காரர் ஒருவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்கினார். மூன்று தடவை வாங்கினார். நான் பெருமையோடு ஆசிரியர்களைப் பார்த்தேன். ஒருத்தர் எழுந்து, "எங்க பிள்ளைக ரயிலே பாத்ததில்லீங்க" என்றார். பரவாயில்லை, குரலைக் கவனியுங்கள் என்றேன். "அவரு வாய்க்குள்ளயே பேசறாருங்க, பல்லு வலியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் குரல் யாருடையது என்று கடைசி நாள் வரை கண்டுபிடிக்கவில்லை.

பிறகு இரண்டிரண்டு பேராகக் கடைக்காரரும் வாடிக்கையாளருமாகப் பேசச் சொன்னேன். ராசம்மாள் கடைக்காரி. எதிரே நின்றவர் இரண்டு கிலோ தக்காளி கேட்டார், ஆங்கிலத்தில். ராசம்மாள் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து வைத்தாள். "இரண்டு கிலோ. தக்காளி. சரியா?" அவர் ஆமாம் என்றார். "ஆமாம். இப்போது எடுக்கிறேன்" என்றாள். அடுத்து வெங்காயம். அதையும் முதலில் திருப்பிச் சொன்னாள். நான் பென்சிலால் மேசையைத் தட்டினேன்.

"கேட்டதையே ஏன்மா கிளிப்பிள்ளை மாதிரி சொல்றே? ஆங்கிலத்தில் அப்படிப் பேச மாட்டாங்க. டக் டக்கென்று போகணும் லா."

மற்றவர்கள் சிரித்தார்கள். ராசம்மாள் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, எழுதாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் அவள் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். வழக்கம்போல இரண்டாவது தடவையும் அவள்தான் எனக்குப் பரிமாறினாள்.

மூன்றாம் நாளும் அவள் அப்படியே பேசினாள். அன்று சாயங்காலம் தாளாளருக்குக் கடிதம் எழுதினேன். பேச்சில் வேகமில்லை, எதிராளி சொன்னதையே சொல்கிறார், உச்சரிப்பு வட்டாரத்தனமானது, ஒன்பதாம் வகுப்புக்குச் சேலத்திலிருந்து ஆள் எடுப்பது நல்லது. நாலே வரி. ஒரு நல்ல பெண்ணைப் பற்றி இப்படி எழுதுகிறோமே என்று கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஆனால் வேலை வேறு, வருத்தம் வேறு என்று சொல்லிக்கொண்டு உறையை ஒட்டினேன். நாலாம் நாள் காலை சோளக்காடு வரை நடந்து போய், கீழே இறங்கும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தேன். அன்று பேளுக்குறிச்சியில் சந்தை. தாளாளர் மத்தியானம் சந்தைக்கு வரும்போது பாய் கடையில் எடுத்துக்கொள்வார் என்றார் கண்டக்டர்.

திரும்பி வந்தால் ஊரில் ஒரு ஜீப் நிற்கிறது. சிறுதானியம் பற்றி ஆராய வந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்கள். எத்தியோப்பியாவிலிருந்து தெஸ்ஃபாயே என்று ஒருவர், நெட்டையாக, நரைத்த சுருட்டை முடியோடு. பிலிப்பைன்ஸிலிருந்து மரிசெல் என்று ஒரு குள்ளமான பெண், எப்போதும் சிரித்த முகம். இவர்களோடு வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் நாற்பதாவது வளைவில் உடம்புக்கு முடியாமல் இறங்கி, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கே போய்விட்டாராம். அந்த மனிதர்மேல் எனக்கு மிகுந்த அனுதாபம் உண்டு.

ஊரே என்னைப் பார்த்தது. இங்கிலீஷ் டீச்சரம்மா இருக்கும்போது என்ன கவலை? நான் சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனேன். ராசம்மாள் பின்னால் நின்றாள்.

குப்பாயி வீட்டுக்குள் போனோம். மூங்கிலில் பின்னிச் சாணி மெழுகிய தொம்பையில் தானியம். அடுப்புக்கு மேலே, புகை படும்படி, ஒரு கட்டுச் சாமைக் கதிர் தொங்கியது. தெஸ்ஃபாயே அதைப் பார்த்ததும் கண் விரிந்து ஏதோ நீளமாகக் கேட்டார். அவருடைய ஆங்கிலம் எனக்கு மலைப்பாதை போல ஏறி இறங்கியது. பாதி பிடிபட்டது. நடுவில் மரிசெல் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக ஏதோ சேர்த்தார். அதில் கால்வாசி. இரண்டு பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் நாலே சொல். ஆனால் இருபத்திரண்டு வருஷ இங்கிலீஷ் டீச்சர், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, புரியவில்லை என்று சொல்வதா? நான் சிரித்து, தலையை ஆட்டி, எங்கள் ஊர்ப் பேச்சில் "யெஸ், யெஸ், கேன்", ஆமாம், முடியும் என்றேன். குப்பாயியிடம் திரும்பி, "கதிரைக் கேக்கறாங்கம்மா" என்றேன்.

குப்பாயி ஒரு நொடி அந்தக் கட்டைப் பார்த்தார். பிறகு கோலால் அதை இறக்கித் தெஸ்ஃபாயேயின் கையில் கொடுத்தார். வந்த விருந்தாளி வாய் திறந்து கேட்டுவிட்டால் இல்லை என்பது அந்த வீட்டில் கிடையாது. தெஸ்ஃபாயே மகிழ்ச்சியோடு பையைத் திறந்து கதிர்களை உள்ளே வைக்க ஆரம்பித்தார். குப்பாயி அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகைப் பார்த்தபோது ஏதோ தப்பு நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. அப்போதும் நான் தலையை ஆட்டிக்கொண்டுதான் நின்றேன்.

"சார். நில்லுங்கள்."

ராசம்மாள்தான். ஆங்கிலத்தில். அவர்கள் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

"சார். நீங்கள் கேட்டீர்கள். சாப்பிடும் தானியமா, விதையா என்று. அதுதானே?"

"அதுதான்" என்றார் தெஸ்ஃபாயே. "சாப்பிடுவது என்றால் எல்லாம் தாருங்கள், விதை என்றால் ஒரு பிடி போதும் என்று கேட்டேன். இந்த அம்மையார் ஆமாம் என்றார்."

"சாப்பிடுவது என்றால் எல்லாம். விதை என்றால் ஒரு பிடி. சரியா?"

"சரி."

ராசம்மாள் அம்மாவிடம் கேட்டாள். குப்பாயி திரும்பாமலே சொன்னார். "வெதை சாமி. இந்த வருசத்துக்கு அவ்வளவுதான். இந்தச் செஞ்சாமை இப்ப எங்க ஊட்டுல மட்டுந்தான் இருக்குது."

"இது விதை" என்றாள் ராசம்மாள். "இந்த வருஷத்துக்கு. வேறு இல்லை. வேறு வீட்டிலும் இல்லை."

தெஸ்ஃபாயே கையிலிருந்த கதிரோடு நிமிர்ந்தார். பிறகு அவரும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "விதை. இந்த வருஷத்துக்கு. வேறு வீட்டிலும் இல்லை."

"ஆமாம்."

அவர் பையிலிருந்து ஒவ்வொரு கதிராக எடுத்தார். ஒரு மணிகூடத் தங்கிவிடக் கூடாது என்று பையை உதறினார். இரண்டு கையாலும் கட்டைக் குப்பாயியிடம் நீட்டி, தன் ஊரில் தன் தாயாரும் இப்படித்தான் அடுப்புப் புகையில் விதையைத் தொங்கவிடுவார் என்று சொன்னார். ராசம்மாள் அதை அம்மாவுக்குச் சொன்னாள். குப்பாயி அவரை நிமிர்ந்து பார்த்து, "அப்ப நம்மாளுதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு பிடியைத் தானே உதிர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ராசம்மாள்தான் பேசினாள். மண், மழை, களை, உமி. மூன்று பேருக்கும் மூன்று விதமான ஆங்கிலம். யாருக்கும் லண்டன் உச்சரிப்பு இல்லை. யாருக்கும் ஒன்றும் புரியாமல் போகவும் இல்லை. மரிசெல் வேகமாகப் பேசினால் ராசம்மாள் துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்வாள், மரிசெல்லும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வார். நான் கிளிப்பிள்ளை என்று கேலிசெய்த அதே பேச்சு. நான் ஓரமாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, காது சுட்டது.

அப்போதுதான் கடிதம் ஞாபகம் வந்தது.

பேளுக்குறிச்சியில் ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு சோளக்காட்டுக்கு ஓடினேன். கீழே போகும் அடுத்த பஸ் சக்கரத்தைக் கழற்றிவைத்துக்கொண்டு நின்றது. அதன் கண்டக்டர் நிழலில் அமர்ந்து அன்னாசி தின்றுகொண்டிருந்தார். "எப்பக் கிளம்புமுங்க?" என்றேன், இதற்குள் எனக்கும் அந்த 'ங்க' ஒட்டியிருந்தது. "டயர் வந்தாக் கிளம்புமுங்க" என்றார். டயர் எங்கிருந்து வரும் என்றேன். "கீழ இருந்துதானுங்க."

குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று ஜவ்வரிசி ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநரிடம் கெஞ்சி முன்னால் ஏறிக்கொண்டேன். சிங்கமாவது ஒன்றாவது. "ஏனுங்க, அவசரமுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னதுதான் நான் செய்த தப்பு. முதல் வளைவிலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் ஒரு லாரிக் கிழங்கு எங்களைத் தள்ள, முன்னால் பள்ளம் கூப்பிட, ஓட்டுநர் கிளீனரிடம், "அம்மா கண்ண மூடிக்கிட்டாங்கடா, பாட்டுப் போடு" என்றார்.

கண்ணை மூடியிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்கு இருபத்துநாலு வயதிருக்கும்போது, நான் முதலில் வேலை கேட்டுப் போன பள்ளியில், ஆய்வாளர் ஒருவர் என் கோப்பில் எழுதினார்: உச்சரிப்பு வட்டாரத்தனமானது. அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் லண்டன் கேசட்டுகளாக வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று, ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த என் நாக்கை வளைத்து வளைத்துப் பழக்கினேன். அந்த ஆய்வாளரை இன்றுவரை எனக்குப் பிடிக்காது. அவருடைய வார்த்தையை எழுத்துப் பிசகாமல் ராசம்மாளைப் பற்றிய கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். எழுபது வளைவும் அந்த எண்ணத்தோடே இறங்கினேன். ஒரு வளைவிலும் வாந்தி வரவில்லை.

பேளுக்குறிச்சிச் சந்தை கலைந்துகொண்டிருந்தது. கடுகும் சீரகமும் மல்லியும் காற்றில் கலந்து தும்மல் வந்தது. பாய் கடைக்குள் நுழைந்தால், தாளாளர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் கடிதத்தைக் கையில் பிரித்து வைத்திருக்கிறார்.

"வாங்க, வாங்க. இப்பத்தான் படிச்சேன். சேலத்துக்குச் சொல்லியனுப்பிட வேண்டியதுதான்."

"வேண்டாம். அது தப்பு. நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலைல இதுல முடியாதுங்கறீங்க. சாயங்காலம் முடியுங்கறீங்க. நான் கணக்கு வாத்தியாருங்க. எனக்கு விடை ஒண்ணுதான் வேணும்."

நடந்ததைச் சொன்னேன். நான் தலையாட்டியதையும் மறைக்காமல் சொன்னேன். கடையில் மிளகு வாங்க வந்த நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாஞ் செரி. பிள்ளைக பரிச்சையில பாஸாகோணுமல்ல?" என்றார் தாளாளர்.

"பரீட்சை எழுத்துதான். அவளுடைய எழுத்தில் நான் ஒரு குறையும் பார்க்கலை. நான் குறை சொன்னது பேச்சை. அந்தக் குறை என் காதில்தான் இருந்திருக்கு."

ஜமால் பாய் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா சார்? குவைத்துல எம் மொதலாளி பாலஸ்தீனம். சூப்பர்வைசர் கேரளா. டிரைவர் பங்களாதேஷ். ஆஸ்பத்திரிக்குப் போனா நர்ஸு பிலிப்பைன்ஸ். அத்தனை பேருக்கும் இங்கிலீஷ்தான். பதினாலு வருசத்துல ஒரு வெள்ளக்காரங்கிட்டயும் நான் பேசல. மொதலாளி சொன்னதைத் திருப்பிக் கேக்காம லோடு ஏத்தினவனெல்லாம் மூணே மாசத்துல ஊருக்கு வந்துட்டான்."

தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, என் கடிதத்தை மடித்தார். "செரி, இன்னொண்ணு எழுதுங்க. மொதல் லெட்டர் தப்புன்னும் அதுலயே எழுதுங்க. பள்ளிக்கூடத்துக் கமிட்டியில ரெண்டையுந்தான் வெப்பேன். நீங்க திருத்துனதும் அவங்களுக்குத் தெரியோணும்."

பாய் தன் கடைத் தாளைக் கொடுத்தார். மிளகு மூட்டையின்மேல் வைத்து எழுதினேன். என் வாழ்க்கையில் அதற்குமுன் என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை. எழுத்து கோணிக்கொண்டு போனது, அதற்கு மூட்டைமேல் பழிபோட்டேன்.

அடுத்த நாள் கேசட் பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். தெஸ்ஃபாயேயையும் மரிசெல்லையும் வகுப்புக்குக் கூப்பிட்டேன். அதற்கடுத்த நாள் ஜமால் பாய், மிளகு பார்க்க மலைக்கு வந்தவர், வெள்ளைச் சட்டையில் வந்து ஒரு மணி நேரம் குவைத் ஆங்கிலத்தில் பேசினார். வகுப்பில் அதைவிட அதிகம் சிரித்த நாள் இல்லை, அதைவிட அதிகம் பேசிய நாளும் இல்லை. என்னுடைய ஆங்கிலத்தையும் பேசிக் காட்டச் சொன்னார்கள். கடையில் நாங்கள் பேசும் மலேசிய ஆங்கிலத்தை, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டிக்கொள்ளும் 'லா' உட்பட, இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாக ஒரு வகுப்பறையில் பேசினேன். வாய்க்கு எவ்வளவு சுகமாக இருந்தது!

ஒன்பதாம் நாள் கண்டக்டர் ஒரு துண்டுத்தாள் கொண்டுவந்தார். கமிட்டி ஒப்புக்கொண்டது, ஒன்பதாம் வகுப்பு ராசம்மாளுக்கு. ஊரே சேர்ந்து கூச்சல் போட்டது. குப்பாயி பள்ளத்துக்கு அந்தப் பக்கம் செய்தியைக் கூவினார். அன்று பலாச்சுளை, தினை மாவு, தேன், மறுபடி பலாச்சுளை. எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். சிபாரிசு செய்த மகராசி என்று குப்பாயி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைத் தாங்க முடியவில்லை.

பத்தாம் நாள் சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். ராசம்மாள் ஒரு பலாப்பழத்தை வாழைநாரால் கட்டித் தூக்கி வந்திருந்தாள். விமானத்தில் விட மாட்டார்கள் என்று சொன்னால் நம்பவில்லை. பஸ் திரும்புவது தெரிந்தது. இனிமேல் தள்ளிப்போட முடியாது.

"ராசம்மா, ஒண்ணு சொல்லணும். நான் முதலில் உனக்கு எதிரா எழுதினேன். உச்சரிப்பு சரியில்லை, வேற ஆள் எடுங்கன்னு. பிறகு கீழே போய் மாத்தி எழுதினேன்."

அவள் பலாப்பழத்தைக் கீழே வைத்தாள். முகம் சுருங்கியது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு எதிரா எழுதுனீங்க" என்றாள், மெதுவாக. "அப்பறம் மாத்துனீங்க."

"ஆமாம்மா."

பஸ் வந்து நின்று, புழுதி அடங்கியது. கண்டக்டர் என் பெட்டியை மேலே ஏற்றினார். அவள் குனிந்து பழத்தின் வாழைநாரை மறுபடி இறுக்கினாள். கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

"டீச்சர், இதை நான் ஒம்பதாவது பிள்ளைககிட்ட மொத நாளே சொல்லட்டுங்களா?"

"எதை?"

"மலேசியாவுல இருந்து வந்த பெரிய டீச்சரே புரியாம தலையாட்டிட்டாங்க, தப்பா எழுதிப்போட்டுத் திருத்துனாங்கன்னு. அதுகளுக்கு வாயத் தொறக்கவே பயமுங்க. இதைக் கேட்டா ஒரு புள்ளகூடத் தப்பாப் பேசறதுக்குப் பயப்படாது."

அவள் கேலி செய்யவில்லை. பாடத்துக்கு நல்ல உதாரணம் ஒன்று கிடைத்த ஆசிரியையின் முகம் அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன.

"சொல்லு" என்றேன். "என் பேரையும் சேர்த்துச் சொல்லு."